ஒரு வேளை மட்டும்

புட்டி ஒன்றுதான்.
ஏழு பேர் காசு போட்டு ஏலத்தில் எடுத்தது.
எழுநூற்றைம்பதை ஏழால் வகுத்து வரும் பின்னத்தை
எந்த நாக்கும் ஒப்புக்கொள்ளாது.
ஆளுக்கு நூறு மில்லி என்றேன்.
மிச்சம் ஐம்பது, அடி வண்டலோடு சேர்த்து,
புட்டியிலேயே கிடக்கட்டும்.

நாள் குறித்தது தனிக் கூத்து.
இரவு ஒன்பது என்றால் யாருடைய ஒன்பது
என்று கேட்டு எழுதினார் பெல்மிரு.
அவர் இருப்பது ஃப்ளோரெஸ் தீவில், நடுக்கடலில்,
எங்கள் கடிகாரத்துக்கு ஒரு மணி பின்னால்.
அன்செல்முவுக்கு பேஜாவில் இரவுக் காவல்,
பத்துக்கு மேல் முடியாது.
குழந்தை தூங்கினால் வருகிறேன் என்றாள் சுல்மிரா.
பதினொரு நாள் இழுத்தது பஞ்சாயத்து.
கார்க்கைத் திருகி எடுக்க
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

லமேகுவில் மருந்துக்கடை வைத்திருப்பதில்
இப்படியும் ஒரு சௌகரியம்:
பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள், புத்தம் புதியவை,
அலமாரி நிறைய.
கொதிநீரில் அலசிக் கவிழ்த்துவைத்தேன்.
கடைப் புனலை வைத்து ஊற்றும்போது
மூச்சை அடக்கிக்கொண்டேன்.
முப்பது வருஷம் இருட்டில் கிடந்தது,
காற்றைக் கண்டதும் என்ன செய்யும், யார் கண்டது?
கழுத்துவரை நிரப்பி மூடினேன்.
பழக்கதோஷம், சீட்டும் ஒட்டினேன்:
இரவு ஒன்பது மணிக்கு.
ஒரு வேளை மட்டும்.
குலுக்கக் கூடாது.

வியாழக்கிழமை திரையில் ஏழு கட்டங்கள்,
ஏழு சமையலறை வெளிச்சம்.
யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை,
ஆனாலும் கொன்ஸ்தான்சா தோடு மாற்றியிருந்தாள்.
குழந்தை சுல்மிராவின் தோளில், கொட்டக்கொட்ட விழித்தபடி.

பெல்மிருவின் முன்னால் கிளாஸ் இல்லை.
அட்டைப்பெட்டி ஒன்று,
ஒரு மூலை கருஞ்சிவப்பாய் ஊறியிருந்தது.
"வழியில் உடைந்துவிட்டது" என்றார்,
தன் கை தவறியதுபோலக் கூசி.
"நீங்கள் குடியுங்கள், பார்த்துக்கொண்டிருக்கிறேன்."
பந்தியில் ஒரு இலையை மட்டும் தாண்டிப் போனது போல
எங்களுக்குக் கை எழவில்லை.
அன்செல்முதான் மணியைப் பார்த்துவிட்டு
முதல் வாய் குடித்தார்.

துவர்ப்பு, மேலண்ணத்தில் கம்பளி என்றார் அவர்.
பிளம் பழத்தின் தோல் என்றாள் கொன்ஸ்தான்சா.
எர்மெனெஜில்து, புத்தகமெல்லாம் படிப்பவர்,
ஒரு பழக்கடையையே ஒப்பித்துவிட்டு
முடிவில் அதிமதுரம் என்றார், கண்ணை மூடி.
லியோகாதியாவின் சத்தம் கடைசிவரை வரவில்லை.
உதடு அசைந்துகொண்டே இருந்தது,
மிக அழகான எதையோ சொல்கிறாள் என்று தலையாட்டினோம்.
நான் நன்றாக இருக்கிறது என்றேன்,
அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பெல்மிரு பெட்டியை முகத்தருகே தூக்கினார்.
படம் உறைந்துவிட்டதோ என்று பயந்தோம்.
பிறகு, மெதுவாக:
மழை விட்டதும் தொழுவத்தின் கதவு.
நெடுநாள் கட்டிய பெல்ட்டின் உட்பக்கம்.
கொஞ்சம் தபால் பசை.
அப்புறம்,
மன்னிக்க வேண்டும்,
இருமல் மருந்து.

எனக்குக் காது சுட்டது.
புனல், என்றேன்.
பத்து வருஷமாய்க் கடையில் இருக்கும் புனல்.

அன்செல்முவுக்கு மூக்கு வழியாக வந்துவிட்டது
தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து அறுவடை.
அதிமதுரம்தானே அதில் சேர்ப்பது, நான் சொன்னேனே என்று
எர்மெனெஜில்து கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.
சிரிப்பு அடங்கியபோது பார்த்தால்
குழந்தை தூங்கியிருந்தது.

எல்லாரும் போன பிறகு
தொட்டிக்கருகே நின்றேன்.
புனல் தொடாதது அந்த ஐம்பது மில்லி மட்டும்தான்.
சாய்த்து நேரே குப்பியில் வடித்தேன்.
கலங்கல், கசடு.
தீவுக்குப் போய்ச் சேர்வதற்குள் காடியாகிவிடலாம்.
மூன்று காலுறைகளில் பொதிந்தேன்.

சீட்டில் நேரம் போடவில்லை.
மட்டும் என்பதை எழுதவில்லை.
இடைவெளியும் விடவில்லை:

ஒருவேளை.